போன மண்

"மேடம், உங்க பத்தடி அம்மா மறுபடி வந்துட்டாங்க. நஷ்டஈடு வாங்காம விடமாட்டாங்க போல," என்று சிரித்தார் வரைபடக்காரர்.

போன வெள்ளத்தில் தன் வீட்டுத் தோட்டத்துக் கோடியில் பத்தடி நிலத்தை ஆறு அரித்துக்கொண்டு போனதிலிருந்து, அந்த அம்மாள் வருவது இது மூன்றாவது முறை. ஆற்றின் போக்கைக் கணினியில் கணிக்கும் பொறியாளர், அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"கவலையே படாதீங்கம்மா. நல்லா கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். இன்னும் இருபது வருஷத்துக்கு ஆறு உங்க வீட்டுப் பக்கம் வராது."

"வீடு கிடக்கட்டும்மா. போன மண்ணு இப்ப எங்க இருக்கு? அதத்தானே ஒவ்வொரு தடவையும் கேக்குறேன்."

இனி எவ்வளவு கரை போகும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். போனது எங்கே என்று இந்த அம்மாளைத் தவிர யாரும் கேட்டதில்லை; அது இப்போதுதான் பொறியாளருக்கு உறைத்தது. பொறியாளர் திரையைத் திருப்பினாள்.

"வண்டல் கடலுக்கே போயிருக்கும். மணல் இந்த வளைவுல திட்டா ஒதுங்கியிருக்கணும். இதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா."

"அங்க போய் நிக்கலாமா?"

"கோடையில தாராளமா நிக்கலாம். புல்லுகூட முளைச்சிருக்கும்."

"ஏம்மா, திரும்ப அள்ளிட்டு வரப் போறீங்களா?" என்றார் வரைபடக்காரர்.

"இல்லப்பா. எம் பொண்ணு பொறந்து நாலு நாள்தான் இருந்தா. அந்தப் பத்தடியிலதான் அவளைப் பொதைச்சோம்."

வரைபடக்காரர் தலையைக் குனிந்துகொண்டு அந்த வளைவை அச்செடுத்தார்.

'தோராயமான கணிப்பு' என்று முத்திரை குத்தாமல் பொறியாளர் எந்தப் படத்தையும் வெளியே கொடுத்ததில்லை. இன்று முத்திரையைக் கையில் எடுத்தவள், அதை மறுபடி மேசைக்குள்ளேயே வைத்து மூடினாள்.