தொப்புள்கொடி ஆபீசில்

“பூசி மெழுகாம உண்மையைச் சொல்லுங்க. இது எங்க குழந்தைக்கு நிஜமா உதவுமா?”

ஆம்பளைங்களிடம் இப்படிக் கேட்கவே கூடாது என்பது அம்மாவின் கட்டளை. தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கும் வேலூர் ஆபீசில் கேட்டேவிட்டேன். போடப்போவது ஆம்பூர் ஷூ கம்பெனியில் தைத்துத் தைத்து அக்கா சேர்த்த காசு, பிரசவமும் அவளுக்குத்தான்.

எதிரே உட்கார்ந்து திட்டத்தை விளக்கிக்கொண்டிருந்த ஊழியன் ஆல்வின், மேனேஜரின் அறையைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“குழந்தைக்குப் பிறவி நோய்னா, அதே குறை இந்த ரத்தத்துலயும் இருக்கும் மேடம். தானமா குடுங்க, வேற யாராவது பொழைப்பாங்க.”

“மேனேஜர் காதுல விழுந்தா உங்க வேலை போய்டுமே?”

“வேற வேலை கிடைக்கும் மேடம்.” சிரித்தான்.

படியிறங்கிக்கொண்டே போன் போட்டேன். “அம்மா, அக்காவுக்கு இது வேணாம். அப்புறம், ஆல்வின்னு எனக்கு ஒரு வரன் வந்திருக்குன்னியே, இப்பதான் நேர்ல பாத்துட்டு வர்றேன். சரின்னு சொல்லிடு.”