ஒரிஜினல் எங்கே?

"இது மனுஷன் பேசின பேச்சே இல்ல. ஏஐ எழுதினது! மெஷின்!"

பேராசிரியை ஆய்வேட்டைப் போட்ட வேகத்தில் துறைத் தலைவியின் மேஜையில் காபி தளும்பியது. எதிரே நின்ற மாணவி தலையைக் குனிந்துகொண்டாள். கல்லூரி ஆஸ்பத்திரியின் முதியோர் வார்டில் நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டே மேல்படிப்பு படிப்பவள்.

அந்த நர்சிங் கல்லூரியில் பேராசிரியைக்கு 'ஒரிஜினல் மேடம்' என்று பட்டப்பெயர். எதைக் காட்டினாலும் "ஒரிஜினல் எங்கே?" என்பார். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட அதையேதான் கேட்பார் என்று பிள்ளைகளுக்குள் கேலி.

"என்ன பிரச்சினை? நிதானமா சொல்லுங்க" என்றார் துறைத் தலைவி.

"நம்ம முதியோர் வார்டுல இருக்கிறவங்களோட தனிமையைப் பத்தி இவ ஆராய்ச்சி. அவங்க பேசினதைப் பேசின மாதிரியே எழுதணும். மத்தவங்க எல்லாம் 'கால் குடையுதும்மா', 'பையன் போனை எடுக்க மாட்டேங்கிறான்'னு பேசறாங்க. இந்த எட்டாவது நோயாளி எப்படிப் பேசறார் பாருங்க!"

கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார்.

"'குடும்பத்தினரின் தொடர்ச்சியான அன்பும் ஆதரவும் எனது மனநலனை மேம்படுத்துவதில் முக்கியப் பங்கு வகிக்கின்றன.' படுத்த படுக்கையா கிடக்கிறவர் இப்படியா பேசுவார்?"

துறைத் தலைவிக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு, "ஏம்மா, இது ஏஐ எழுதினதா?" என்று கேட்டார்.

"ஆமா மேடம்."

இருவருக்குமே தூக்கிவாரிப்போட்டது. மறுப்பாள், அழுவாள் என்று பார்த்தால், இப்படிப் பட்டென்று ஒப்புக்கொள்கிறாளே!

"பார்க்காத பிரஷரை சார்ட்ல எழுதினா ஆள் செத்துப்போவான். பார்க்காததை எழுதாதேன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே!" பேராசிரியைக்கு மூச்சு வாங்கியது. "வீடு வாசலை மறந்து உங்க ஆய்வேட்டைத் திருத்திக்கிட்டிருக்கேன். அதுக்கு இதுதான் மரியாதையா? அந்தப் பெரியவர்கிட்ட நீ பேசவே இல்ல, அப்படித்தானே?"

"பேசினேன் மேடம். பதிவுகூட பண்ணேன்."

"அப்போ ஒரிஜினல் எங்கே?"

"போன்லதான் இருக்கு. வேண்டாம் மேடம். தப்பு பண்ணேன்னு எழுதிக் கொடுத்துடறேன்."

"எழுதிக் கொடுத்தா பட்டம் கிடைக்காது, தெரியுமில்ல?" என்றார் துறைத் தலைவி.

"தெரியும் மேடம். போனா போகட்டும்."

"இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிச்சுட்டு, போனா போகட்டுமாம்! கொடு அதை."

பேராசிரியை போனைப் பிடுங்காத குறையாக வாங்கினார். எட்டாவது பதிவைத் தானே தட்டினார்.

முதலில் ஒரு இருமல் கேட்டது. பேராசிரியையின் முகம் வெளுத்தது. பிறந்ததிலிருந்து கேட்டுவரும் இருமல் அது.

"யாரும் வரலைன்னு எழுதிடாதம்மா" என்றது அந்தக் குரல். "என் மக தினமும் வந்து பார்க்கிறான்னு எழுது. இந்தக் காலேஜ்லதான் ஆராய்ச்சிப் பாடம் எடுக்கிறா. பாவம், அவளுக்குத் தலைக்கு மேல வேலை. நாலு பேர் படிச்சா அவளைத் தப்பா நினைப்பாங்க இல்ல?"

துறைத் தலைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேராசிரியைக்குப் போனை எப்படி நிறுத்துவது என்றே தெரியவில்லை. மாணவிதான் மெல்ல வாங்கி நிறுத்தினாள்.

"உங்கப்பா அவ்வளவு கெஞ்சிக் கேட்டதைத் தட்ட முடியல மேடம். ஆனா நீங்க வந்து நான் ஒரு நாளும் பார்க்கலையே. பார்க்காததை எழுத எனக்குக் கை வரல. அதான் மெஷினை எழுதச் சொன்னேன்."