மணிக்கொரு சொட்டு

“இது கிருமியோட ஆகாரம் மாதிரியே செஞ்ச மருந்து. தன்னோடதுன்னு நம்பித் தின்னும், அப்புறம் பெருகாது. மணிக்கொரு தரம் அம்மா கண்ல ஊத்துங்க,” என்றார் வேலூர் டாக்டர்.

வெளியே வந்ததும் லோகநாதன் மனைவி பூரணியிடம் சொன்னான். “அம்மாவுக்குக் கண்ணு தெரியற வரைக்கும் இரு. அப்புறம் உன் தாய் வீட்டுக்குப் போய்டு. புள்ள பெத்துக் குடுக்க வேற ஒருத்தி வருவா.”

ஒரு மாதமாயிற்று. இன்னும் கண் தெரியவில்லை என்றாள் அவன் அம்மா கங்கம்மாள்.

“தோல் ஷாப்பு மணி அடிச்சாச்சு! இன்னா பண்றே? ஊத்துடி!” ஆம்பூர் வீட்டில் மாமியாரின் குரல் தெருமுனைத் தோல் தொழிற்சாலை வரை கேட்டது.

பூரணி அழுதுவிட்டாள். “மன்னிச்சிடுங்க அத்தை. மருந்தை நான்தான் கொட்டிட்டேன். இருபது நாளா வெறும் தண்ணிதான் ஊத்தறேன்.”

“தெரியும். நீ பானையில மொள்றதைப் பாத்துனுதானே இருக்கேன்? மூஞ்சியைத் தொடச்சிக்கினு ஊத்து. அவன் வர்றான்.”

கங்கம்மாள் இமைகளை இறுக மூடிக்கொண்டாள்.