சீமைக்கு ஒரு சேலை

இலங்கையில் கண்டியில் படித்து, கல்கத்தா பல்கலைக்கழகப் பரீட்சையில் தேறிய வயிரவன், அப்பா கங்காணியாக இருக்கும் மடுல்கெல்ல கோப்பித் தோட்டத்துக்குப் பயந்துகொண்டே வந்தான்.

"அப்பா, சீமைக்குப் போய்ப் படிக்கணும். திரும்பி வந்து கோப்பியை வறுத்து, அரைச்சு, டின்னுல அடைச்சு விப்பேன்."

கங்காணி சோணைமுத்து துள்ளிக் குதித்தார். "தாராளமா போயிட்டு வா! தோணியில இடம் சொல்லிடுறேன். அத்தைக்கு ஒரு சேலை கொண்டு போ."

"லண்டனுக்குத் தோணியா? அங்க ஏதுப்பா அத்தை?"

"லண்டனா? நம்ம சிவகங்கைச் சீமைன்னுல்ல நெனச்சேன்!"

வயிரவனின் முகம் வாடியது. கங்காணியோ விழுந்து விழுந்து சிரித்தார்.

"அதானே, நம்ம ஊர்ல ஏதுடா காலேஜுன்னு பாத்தேன்! சரி, லண்டனுக்கே போ. அந்தச் சேலையை மட்டும் அங்க இருக்குற ராணியம்மாகிட்ட குடுத்துடு!"