அழிச்சாச்சா?

எஸ்.எஸ்.ஐ. அடைக்கலம் படியேறி வருவதைப் பார்த்ததும், தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த ரஞ்சிதாவுக்குக் காலே ஓடவில்லை.

நேற்று கந்தர்வக்கோட்டை சாலையில், அவள் கடை வாசலில், ஒரு கவுன்சிலரின் பைக்கை அவர் மறித்தார். பேச்சு முற்றி, பளாரென்று ஓர் அறை விழுந்தது. அதை அவள் செல்போனில் எடுத்துவிட்டாள். “டூட்டியில இருக்கிற போலீஸ வீடியோ எடுத்தா உள்ள தள்ளிருவேன்!” என்று பாய்ந்து வந்து போனைப் பிடுங்கி, தானே அழித்துவிட்டுப் போனவர்தான். இன்றைக்கு என்ன வில்லங்கமோ!

“அந்த வீடியோ இருக்காம்மா?”

“நீங்கதானே சார் அழிச்சீங்க!”

“ட்ராஷ்ல கெடக்குமே?”

“அதையும் நீங்களே தொடச்சுட்டீங்க, சார்.”

“வாட்ஸப்புல யாருக்காச்சும் அனுப்புனியா? உண்மையச் சொல்லு.”

“எம் புள்ள மேல சத்தியமா ஒருத்தருக்கும் அனுப்பல, சார்.”

“ஸ்டேட்டஸ்?”

“வைக்கவே இல்ல, சார்.”

அடைக்கலம் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“அடிப்பாவி, ஒருத்தருக்குக்கூடவா அனுப்பல? ஹெல்மெட் எங்கன்னு கேட்டதுக்கு அந்தாளு என்னைய அறைஞ்சாரு. ஊரு பாத்தா அசிங்கமேன்னு அழிச்சேன். இப்ப நான்தான் அவர அறைஞ்சேன்னு புகார் குடுத்துட்டாரு. மேலிடத்துல ஆதாரம் கேக்குறாங்கம்மா!”

ரஞ்சிதா நிதானமாக ஊசியில் நூலைக் கோத்தாள்.

“அடுத்த தடவ அறை வாங்குறப்ப, எடுக்கவா வேண்டாமான்னு முன்னாடியே சொல்லிருங்க, சார்.”