பின்கதவில் ஐந்து வரி

இரும்புக் குண்டைத் தட்டி விளையாடும் ஒரு பழைய ரகப் பின்பால் மெஷினை மெக்கானிக் முப்பது வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார். அடிமாட்டு விலைக்கு வருகிறது என்று மனைவி வந்து சொன்னதும் அவருக்குச் சந்தேகம்தான் வந்தது. சும்மா தருகிறவன் சொத்தையைத்தான் தருவான்.

குடோனில் அவள் டார்ச் அடிக்க, மெஷினின் பின்கதவைத் திறந்தார்.

ரிப்பேர் முடிந்ததும் கதவின் உட்புறம் தேதியையும் விளக்குப் பிடித்த ஆளையும் பென்சிலால் எழுதிவைப்பது அவர் பழக்கம். வேறெந்த மெக்கானிக்கும் அப்படி எழுதமாட்டான். இந்தக் கதவில் ஐந்து வரிகள் இருந்தன. எல்லாம் அவர் கையெழுத்து. மெஷினையோ அவர் இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

முதல் வரியில் அடுத்த மாதத்துத் தேதி, விளக்குப் பிடித்தது வீட்டுக்காரி. மற்ற நான்கிலும் அதற்கடுத்த நான்கு வருடங்களின் தேதிகள். அவற்றில் விளக்குப் பிடிக்க ஆள் இல்லை என்று எழுதியிருந்தது.

கதவைச் சாத்தினார். "வேணாம், வா. உள்ள பூரா கரையான்."

"எங்க, காட்டுங்க."

"சொன்னா கேளு. உனக்கு என்ன தெரியும்?"

"குப்பைய வீட்டுக்குக் கொண்டாராதீங்கன்னு கத்தினதும் நான். இன்னிக்கு வாங்குங்கன்னு சொல்றதும் நான். எதுக்கெடுத்தாலும் மூஞ்சியத் தூக்கினா எப்படி?"

அவளிடம் நல்ல வார்த்தை சொல்லிப் பழகாத வாய்.

குடோன்காரர் எட்டிப் பார்த்தார். "அண்ணே, அக்கா காலையிலேயே எல்லாம் பேசி முடிச்சிட்டாங்க. வண்டி வந்தாச்சு."

"இத வாங்கினாலாவது என்கிட்ட சிரிச்சுப் பேசுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள் அவள்.

சுமைக்காரர்கள் நால்வர் மெஷினைத் தூக்கினார்கள். அவர் பின்கதவை அது திறந்துகொள்ளாதபடி உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.