அலையடியில் ஒரு ஹோட்டல்

கல்முனைக் கடல் அந்தியில் பாலாய் வெளுத்துக் கிடந்தது. குணநாயகம் ஹோட்டல் வரைபடத்தை மணலில் விரித்தார்.

"அறை வாசல்லயே அலை வந்து தொடணும். அப்பதான் வெளிநாட்டுக்காரன் வருவான்."

மஹ்றூப் மறுத்தார். "ஏலாது. தென்னைகளுக்கு அங்கால தள்ளித்தான் கட்டணும்."

"கொஞ்சம் விட்டுக்குடுங்க."

"ஒரு அடியும் விடமாட்டன்."

குணநாயகம் சலித்துக்கொண்டார். "அரசாங்கத்துப் பேரில நானே அனுமதி தாறன். ஹோட்டல் முதலாளி நீங்க மாட்டன் எண்டா எப்படி?"

அலைச் சத்தத்துக்குள் யாரோ தன்னைக் கூப்பிடுவது போலிருந்தது மஹ்றூபுக்கு.

"சேர், சூறாவளி அடிச்சப்போ எங்கட வீடு இந்த இடத்திலதான் இருந்திச்சு. கடல் உள்ளுக்கு வரக்குள்ள என்ட பொஞ்சாதி சுபைறா நித்திரை. என்ட ஹோட்டல்ல படுக்கிறவங்க விடிய எழும்பணும்."

குணநாயகம் பென்சிலை எடுத்து, தென்னைகளுக்கு அப்பால் புதிய கோடொன்றை இழுத்தார்.